பிரித்தானிய என்-ஸ்கேல் ரயில் தளங்களுக்கான கட்டடத் தொகுப்புகள்: தேர்வு குறித்த ஒரு விமர்சனம்

மாதிரி ரயில் தளம் என்பது ஒரு பலகையின் மேல் தண்டவாளம், நிலையம், தெரு, வயல், குன்று ஆகிய அனைத்தையும் சுருக்கி அமைத்து, அவற்றினூடே சிறிய ரயில்களை ஓட்டும் பொழுதுபோக்குக் கலை ஆகும். இதில் ஈடுபடுவோரில் பெரும்பாலோர் என்ஜினையும் பெட்டிகளையும் ஆயத்தமாகவே வாங்கிவிடுகின்றனர். கட்டடங்களை ‘கிட்’ எனப்படும் தொகுப்புகளாக வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, ஒட்டி, தாமே நிறுத்துகின்றனர். ஆகவே ஒரு தளத்தில் அதை அமைத்தவரின் கண் எப்படிப்பட்டது என்பது கட்டடத்தில்தான் முதலில் தெரியவருகிறது. ரயில் எவரிடமும் ஒன்றுபோலவே இருக்கும்; ஊர்தான் வேறுபடும்.

இத்தொகுப்புகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. பாகங்கள் சரியாகப் பொருந்துகின்றனவா? நுணுக்கம் எவ்வளவு? ஒட்டி முடிக்க எத்தனை நேரம் ஆகும்? இவை தேவையான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டியது வேறொன்று: இந்தக் கட்டடம் எந்த ஊரில் நிற்கிறது? அதைக் கேட்காமல் வாங்கிய அழகிய தொகுப்புகள் நிறைந்த ஒரு தளம் ஊராகத் தோன்றுவதில்லை. கடையின் காட்சிப் பலகையாகத் தோன்றுகிறது. இக்கட்டுரை பிரித்தானியாவில் புழங்கும் என்-ஸ்கேல் என்ற சிறிய அளவை எடுத்துக்கொண்டு இதை ஆராய்கிறது. பெரிய அளவுகளில் மறைந்துபோகும் சில பிழைகள் இந்த அளவில் பளிச்சென்று தெரியும். பெரிய அளவில் பாராட்டப்படும் சில சிறப்புகள் இங்கே தொல்லையாக மாறும்.

ஓரெழுத்து, மூன்று விகிதம்

என்-ஸ்கேல் என்ற பெயர் 9 மி.மீ. தண்டவாள அகலத்திலிருந்து வந்தது. ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஜெர்மன் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. உண்மையான இருப்புப்பாதையின் வழக்கமான அகலம் 1,435 மி.மீ. இதை 9 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 160 கிடைக்கும். எனவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த அளவு 1:160 என்று நிலைபெற்றது. பிரித்தானியாவில் மட்டும் 1:148. பிரித்தானிய ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிட உருவில் ஒடுக்கமானவை; இந்த அளவு அறிமுகமான காலத்து மின்மோட்டார்கள் 1:160 அளவிலான பிரித்தானிய என்ஜினுக்குள் அடங்கவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியை மட்டும் சற்றுப் பெரிதாக்கினார்கள். ஜப்பானில் குறுகிய பாதை ரயில்களுக்காக 1:150 வழக்கத்தில் உள்ளது. கடையில் கிடைக்கும் பெட்டியின் மேல் பெரும்பாலும் அந்த ஓரெழுத்துதான் பெரிதாக இருக்கும். விகிதத்தைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

1:148க்கும் 1:160க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 8 விழுக்காடு. 9 மீட்டர் உயரமுள்ள ஒரு வீடு முதல் அளவில் 61 மி.மீ., இரண்டாம் அளவில் 56 மி.மீ. இருக்கும். 2 மீட்டர் உயரமுள்ள கதவு 13.5 மி.மீ.க்குப் பதிலாக 12.5 மி.மீ. ஆகும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தனியாக நிற்கும் கட்டடத்தில் அது தெரியாது என்பதும் உண்மை. ஆனால் இரண்டு அளவிலான வீடுகள் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்கும்போது, ஒரு வீட்டுக்காரர் குனிந்து நுழைய வேண்டியிருப்பதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். மனிதக் கண் நீளத்தைத் தவறாக மதிப்பிடும். கதவை அரிதாகவே தவறாக மதிப்பிடும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பிரித்தானிய ரயில்வேயில் 1950களிலிருந்து பரவலாக ஓடிய ‘மார்க் 1’ பயணிகள் பெட்டி 1:148 அளவில் ஏறத்தாழ 13 செ.மீ. நீளம் இருக்கும். கட்டடத்தின் அளவைத் தாளில் வெட்டி அந்தப் பெட்டியின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். தொகுப்பு தயாரிப்பாளர்கள் இடத்தை மிச்சப்படுத்தக் கட்டடங்களைக் குறுக்குவது வழக்கம். முதன்மை நிலையம் என்று பெயரிட்ட கட்டடம் ஒரே ஒரு பெட்டியின் நீளம்கூட இல்லையென்றால், அது கிராம நிலையமாக மட்டுமே நிற்கத் தகுதியுள்ளது, பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி.

குறுக்குவதே தவறு என்று சொல்வதற்கில்லை. செட்டில்–கார்லைல் வழித்தடத்தில் உள்ள ரிபிள்ஹெட் பாலம் 24 கண்களும் 402 மீட்டர் நீளமும் கொண்டது. உயரம் 32 மீட்டர். 1:148இல் அதன் உயரம் 21 செ.மீ.தான், எந்த மேசையிலும் நிற்கும். நீளமோ 2.7 மீட்டர், ஓர் அறையின் ஒரு சுவரையே விழுங்கிவிடும். எனவே கண்களின் எண்ணிக்கையைக் குறைப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் குறைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அந்தப் பாலத்தில் ஒவ்வோர் ஆறு கண்ணுக்கும் ஒரு பருத்த தூண் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கண் இடிந்தால் முழுப் பாலமும் சரியாமல், ஆறு கண்களோடு சேதம் நிற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 12 கண்களாகக் குறைத்தாலும் நடுவில் அந்தப் பருத்த தூணை வைத்தால் பாலம் அடையாளம் தெரியும். கடையில் வாங்கிய ஒரே மாதிரியான கண்களை வரிசையாக ஒட்டினால் 24 கண்களையும் வைத்தாலும் அது வேறு ஏதோ ஒரு பாலம்தான். குறுக்கும்போது எதை விடக்கூடாது என்று அறிவதே இங்கு முக்கியம். தொகுப்புகளின் வழிகாட்டித் தாள்கள் இதைச் சொல்வதில்லை.

செங்கல் வரிசையின் கணக்கு

நுணுக்கத்தைப் பற்றிய மயக்கம் என்-ஸ்கேலில்தான் மிகுதி. இதைச் சொற்களால் வாதிடுவதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பிரித்தானியாவின் இன்றைய வழக்கமான செங்கல் 215 மி.மீ. நீளமும் 65 மி.மீ. உயரமும் உடையது, இடையிலுள்ள சாந்து 10 மி.மீ. பழைய செங்கற்கள் ஊருக்கு ஊர் சற்று மாறுபட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. 1:148இல் செங்கல்லின் உயரம் 0.44 மி.மீ.; சாந்துக் கோட்டின் அகலம் 0.07 மி.மீ. ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்.

பிளாஸ்டிக் அச்சில் வார்க்கும் சுவரில் இவ்வளவு மெல்லிய கோட்டைக் கொண்டுவருவது கடினம். வந்தாலும் வண்ணம் பூசியவுடன் மறைந்துவிடும். எனவே தயாரிப்பாளர்கள் கோட்டை ஆழமாகவும் அகலமாகவும் வெட்டுகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கும்போது அது செதுக்கு வேலை போல அழகாக இருக்கும். தளத்தில் வைத்து அரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், சாந்தே இல்லாமல் அடுக்கிய சுவர் போலவோ, சாந்துக்கு நடுவே செங்கல்லைத் தூவியது போலவோ தெரியும். மாறாக, அச்சிட்ட அட்டையில் செங்கல் வெறும் நிறம்தான், புடைப்பே இல்லை. உண்மையான செங்கல் சுவரை நூறு மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தாலும் புடைப்பு தெரியாது. நிறம் மட்டுமே தெரியும். அரை மீட்டரிலிருந்து 1:148 தளத்தைப் பார்ப்பது 74 மீட்டர் தூரத்திலிருந்து உண்மையான தெருவைப் பார்ப்பதற்குச் சமம். இந்த ஒரு பெருக்கலைச் செய்து பார்த்தவர், மலிவான அட்டைத் தொகுப்பை ஏளனமாகப் பார்க்க மாட்டார்.

அட்டைக்கும் அதற்குரிய பலவீனம் உண்டு, அது தடிமன். 1 மி.மீ. தடிமனுள்ள அட்டை இந்த அளவில் 15 செ.மீ.க்குச் சமம். சுவருக்கு அது நன்மையாகவே அமைகிறது. லண்டனில் 1709ஆம் ஆண்டுச் சட்டம், தீப்பரவலைத் தடுக்கச் சன்னல் சட்டங்களைச் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. நாளடைவில் பிற நகரங்களிலும் அதுவே கட்டும் முறையாயிற்று. அந்த நான்கு அங்குலம் 1:148இல் 0.7 மி.மீ. ஆகவே அட்டைச் சுவரின் பின்னால் ஒட்டிய சன்னல் ஏறத்தாழ இருக்க வேண்டிய ஆழத்திலேயே அமைந்துவிடுகிறது. கூரையில்தான் தொல்லை. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள உண்மையான ஸ்லேட் ஓடு இந்த அளவில் தாளைவிட மெலிது. அட்டைக் கூரையின் இறவாணத்தில் 15 செ.மீ. தடிமனான விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், கீழே எவ்வளவு நல்ல வேலை செய்திருந்தாலும் வீடு பொம்மை வீடாகிவிடும். விளிம்பின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து மெலிதாக்க வேண்டும்; வெட்டிய விளிம்புகள் அனைத்திலும் சுவரின் நிறத்தையோ கூரையின் நிறத்தையோ பூச வேண்டும். அட்டை வீடுகளைக் காட்டிக்கொடுப்பது மூலைகளில் தெரியும் வெளிறிய விளிம்புதான். பத்து நிமிட வேலை, பலரும் செய்வதில்லை.

வேறு பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிக்னல் கேபின், நடைமேம்பாலம், வேலி, மழைநீர்க் குழாய் போன்ற மெல்லிய உறுப்புகள் மிகுந்தவற்றுக்குப் பிளாஸ்டிக்கே ஏற்றது. ரேஷியோ நிறுவனத்தின் சிக்னல் கேபின்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சதுரச் சட்டங்களில் கண்ணாடி பதித்த கேபினை அட்டையில் செய்தால் அதன் மெலிவு போய்விடும். லேசரால் வெட்டிய மெல்லிய மரமும் அட்டையும் சன்னல் சட்டங்களில் மிக நேர்த்தியானவை, ஆனால் சுவரின் நிறத்தை வாங்குபவரே கொடுக்க வேண்டும். ரெசினில் வார்த்து வண்ணம் பூசி ஆயத்தமாக விற்கப்படும் கட்டடங்கள், பாக்மன் நிறுவனத்தின் சீன்கிராஃப்ட் வரிசை போன்றவை, தொகுப்பு என்ற வகையிலேயே சேரா. அவற்றை வெட்டுவதோ மாற்றுவதோ கடினம். கணினி அச்சுப்பொறியில் தாமே அச்சிட்டு அட்டையில் ஒட்டிக் கட்டும் ஸ்கேல்சீன்ஸ் வகைத் தொகுப்புகள் மாணவர்களுக்கு ஏற்றவை. ஒருமுறை வாங்கினால் எத்தனை முறையும் அச்சிடலாம். கெட்டுப்போனால் இழப்பு ஒரு தாள்தான்.

கல்லின் நிறமும் ஊரின் பெயரும்

பிரித்தானியாவின் பழைய கட்டடங்கள் அவற்றின் அடியிலுள்ள பாறையால் ஆனவை. ரயில் வந்து செங்கல்லையும் வேல்சின் ஸ்லேட்டையும் எங்கும் கொண்டு சேர்க்கும் வரை, தூரத்துக் கல்லை வரவழைத்து வீடு கட்டுவது செல்வந்தருக்கு மட்டுமே இயன்றது. காட்ஸ்வோல்ட் குன்றுகளில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல், அபர்டீனில் சாம்பல்நிறக் கருங்கல், லண்டனில் மஞ்சள் கலந்த செங்கல், நார்ஃபக்கில் சக்கிமுக்கிக் கல். கல்லைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடக்கூடிய நாடு அது. தொகுப்பு தயாரிப்பவரும் ஏதோ ஓர் ஊரில் இருந்துதான் வரைகிறார். என்-ஸ்கேலில் மிகப் பரவலாகக் கிடைக்கும் அட்டைத் தொகுப்புகளை வெளியிடும் மெட்காஃப் நிறுவனம் வடக்கு யார்க்‌ஷரில் உள்ள பெல் பஸ்க் என்ற சிற்றூரில் இருக்கிறது. அதன் கல் வீடுகளில் வட இங்கிலாந்தின் சாயல் உண்டு. அதே வீடுகளைத் தென்மேற்கே டெவனின் கடற்கரை நிலையத்தருகே நிறுத்துவோர் பலர். குறை தொகுப்பில் இல்லை.

செட்டில்–கார்லைல் வழித்தடம் இந்தத் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பதை விளக்க ஏற்றது. மிட்லண்ட் ரயில்வே கட்டிய இப்பாதை 1876 மே மாதம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதன் நிலையங்களை நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் ஜான் ஹாலோவே சாண்டர்ஸ் ஒரே பாணியில் வரைந்தார்: பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று அளவுகள். எனவே ஒரே தொகுப்பைப் பல நிலையங்களுக்குப் பயன்படுத்துவது இங்கே பிழையாகாது. உண்மையான ரயில்வேயே அப்படித்தான் செய்தது. ஆனால் பாணி ஒன்றாக இருந்தாலும் கட்டிய பொருள் ஒன்றல்ல. தெற்கே செட்டில் பக்கத்தில் சாம்பல் சார்ந்த கல். வடக்கே ஈடன் பள்ளத்தாக்கில் லாசன்பி போன்ற ஊர்கள் சிவப்பு மணற்கல்லால் ஆனவை. ஆப்பிள்பி நிலையம் செங்கல்லால் கட்டப்பட்டது. சாம்பல்நிற நிலையத்துக்குப் பின்னால் செந்நிற ஊரை வைத்தால், நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு பாதையின் இரு முனைகளும் ஒரே தெருவில் மோதிக்கொள்ளும். நிலையக் கட்டடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு வீடுகளை அலட்சியமாக வாங்குவோரிடம் இப்பிழை அடிக்கடி காணப்படுகிறது.

அதே பாதையில் உள்ள டென்ட் நிலையம் இன்னொரு பாடம். ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ள அது, இங்கிலாந்தின் முதன்மைப் பாதைகளில் மிக உயரமான நிலையம். டென்ட் கிராமமோ அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் மேல் தொலைவில், பள்ளத்தாக்கில் இருக்கிறது. நிலையம், நிலைய அதிகாரியின் வீடு, பனியைத் தடுக்கப் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு அமைத்த வேலி, பிறகு வெறும் மலை. டென்டைப் பலகையில் அமைக்க விரும்புபவர் வாங்க வேண்டிய தொகுப்புகள் ஒன்றிரண்டுதான். தேவாலயம், மதுக்கடை, வரிசைக் கடைகள் எல்லாவற்றையும் நிலையத்தின் பக்கத்தில் நெருக்கி வைத்தால், அந்த நிலையத்தின் கதையே போய்விடும். குளிரில் நடந்து வந்து ரயிலுக்குக் காத்திருக்கும் தனிமைதான் அந்த இடம். அதை எந்தப் பெட்டியிலும் போட்டு விற்க முடியாது. மற்ற பெட்டிகளை வாங்காமல் விடுவதால்தான் பெறமுடியும்.

காலம்

ஊருக்கு அடுத்தது காலம். இங்கு இரண்டு செய்திகளை மட்டும் குறிப்பிடலாம். முதலாவது, கரி. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வருவதற்கு முன், வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் கல் கட்டடங்கள் புகைக்கரி படிந்து கறுத்திருந்தன. அவற்றைக் கழுவித் துடைத்ததெல்லாம் பிற்காலத்தில்தான். இன்று புகைப்படம் எடுத்து அச்சிடும் தொகுப்புகளில் கல் கழுவிய நிறத்தில் இருக்கிறது. நீராவி என்ஜின் ஓடும் 1950களின் பிராட்ஃபோர்டை அமைக்கும் ஒருவர் தொகுப்பை அப்படியே ஒட்டினால், புகை கக்கும் என்ஜினுக்குப் பக்கத்தில் புகையே படாத ஊர் நிற்கும். நீர்த்த கறுப்பு வண்ணத்தையோ பென்சில் தூளையோ மேலிருந்து கீழாகப் பூசினால் தீரும் குறை இது.

இரண்டாவது, தொலைக்காட்சி ஆன்டெனா. சில தொகுப்புகளில் கூரைக்கென்று அதையும் சேர்த்துத் தருகிறார்கள். கையிலிருப்பதை ஒட்டிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. வட இங்கிலாந்துக்கு ஒளிபரப்பிய ஹோம் மாஸ் கோபுரம் 1951இல்தான் இயங்கத் தொடங்கியது. 1930களின் என்ஜின் ஓடும் யார்க்‌ஷர் தளத்தில் அந்தக் கம்பிக்கு வேலையில்லை. இதுபோன்றவை சிறு பிழைகளே. ஆயினும் என்ஜினின் எண் பலகையில் ஓர் இலக்கம் தவறாக இருந்தால் வாதிடும் அதே மனிதர், கூரையில் இருபது ஆண்டுகளைத் தவறவிடுவது வியப்பளிக்கிறது.

ரயில் பார்ப்பது வீட்டின் முதுகை

தொகுப்புகளின் மீது வைக்க வேண்டிய மிகப் பெரிய குறை முகப்பைப் பற்றியது. பிரித்தானிய நகரங்களில் ரயிலில் செல்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் வீடுகளின் பின்பக்கம். தெருவைப் பார்த்தபடி கதவும் சன்னலும். பாதையைப் பார்த்தபடி சமையலறை நீட்டிப்பு, கரிக் கிடங்கு, கழிப்பறை, துணிக்கொடி, உடைந்த மதில். வரிசை வீடுகளின் உண்மையான வாழ்க்கை அங்கேதான் நடக்கிறது. ஆனால் பெட்டியின் மேல் அச்சிடும் படம் எப்போதும் முன்முகம். வாங்குபவர் அந்த முகத்தைப் பார்த்து வாங்கி, அதைத் தன் பக்கம் திருப்பி, தண்டவாளத்தை ஒட்டி நிறுத்துகிறார். விளைவு, வீட்டு வாசலைத் திறந்தால் தண்டவாளம். அப்படிப்பட்ட ஊரில் குழந்தைகளை வளர்க்க எவரும் அஞ்சுவர்.

சுவரையொட்டி வைப்பதற்கென்று பாதி ஆழமே உள்ள அரைக் கட்டடங்கள் விற்கப்படுகின்றன. இடம் குறைந்த தளங்களுக்கு இவை பேருதவி. அவற்றிலும் முன்முகங்களே மிகுதி. எனினும் வரிசை வீடுகளின் பின்பக்கங்களை மட்டும் அரைக் கட்டடமாகத் தரும் தொகுப்பு மெட்காஃப் வெளியீடுகளில் உள்ளது. எளிய தொகுப்புதான், கடையில் கண்ணைக் கவரும் பொருளும் அல்ல. ஆனால் பின்னணித் திரைக்கு முன்னால் அதை நிறுத்தி, கீழே மதிலும் அதற்குக் கீழே பாதையின் கரையும் அமைத்தால், ரயில் ஊருக்குள் நுழைகிறது என்ற உணர்வு உடனே வந்துவிடும். ஒரே ஒரு தொகுப்பைப் பரிந்துரைக்க வேண்டுமானால் அதையே பரிந்துரைக்கலாம்.

ஆழத்தைக் காட்டும் வித்தையில், முன்பு குறையாகச் சொன்ன 1:160 அளவே துணையாகவும் வரும். லண்டனில் 1910இல் தொடங்கப்பட்ட மாடல் ரயில்வே கிளப்பின் ‘கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ்’ என்ற தளம், கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வடக்கே இருந்த லண்டனை 1:152 அளவில் காட்டுகிறது. அதில் முன்னால் உள்ள கட்டடங்கள் சரியான அளவிலும், பின்னால் செல்லச் செல்ல வேண்டுமென்றே சிறிதாகவும் கட்டப்பட்டுள்ளன. அதனால் சில அடி ஆழமுள்ள பலகை ஒரு நகரத்தின் தொலைவைப் பெறுகிறது. சாதாரணத் தளத்திலும் இதைச் செய்யலாம். 1:160 தொகுப்பைப் பின்வரிசையிலும், இன்னும் சிறிய 1:220 அளவைத் தொடுவான ஓரத்திலும் வைக்கலாம். வரிசை மாறாமல் இருப்பதுதான் நிபந்தனை.

ஜெர்மன் தொகுப்புகள்

கறுப்புக் காட்டுப் பகுதியின் கூட்டன்பாக்கில் 1946இல் தொடங்கப்பட்ட ஃபாலர், சாக்சனி மாநிலத்தின் மாரியன்பெர்க்கில் உள்ள ஔஹாகன் ஆகிய நிறுவனங்களின் என்-ஸ்கேல் தொகுப்புகள் தரத்தில் சிறந்தவை. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் துல்லியத்தில் அவற்றுக்கு நிகர் குறைவு. ஜெர்மன் தளம் அமைப்பவருக்கு இவற்றைவிட நல்ல தேர்வு இல்லை. பிரித்தானியத் தளத்தில் இவற்றை அப்படியே பயன்படுத்துவதற்கு அளவைவிடப் பெரிய தடை புகைபோக்கி. பழைய பிரித்தானிய வீட்டில் அறைக்கோர் அடுப்பு. அதனால் கூரையில் அகன்ற புகைபோக்கித் தூணும் அதன்மேல் நான்கைந்து மண்குழாய்களும் வரிசையாக நிற்கும். ஐரோப்பியத் தொகுப்புகளில் பெரும்பாலும் மெலிந்த ஒற்றைப் புகைபோக்கிதான். செங்குத்தான கூரையும் சன்னல்களின் பலகைக் கதவுகளும் மீதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆனால் ஔஹாகனின் செங்கல் தொழிற்சாலைக் கட்டடங்கள் வேறு வகை. தொழிற்சாலைக் கட்டடத்துக்கு நாட்டு அடையாளம் குறைவு. பெரியதாக இருக்கவே கட்டப்பட்டது என்பதால் 8 விழுக்காடு சிறுத்தாலும் எவரும் கவனிப்பதில்லை. கதவுகளை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லோரிடமும் உள்ள வீடு

விற்பனையில் வெற்றிபெற்ற தொகுப்புக்கு ஒரு தண்டனை உண்டு: அது எல்லாத் தளங்களிலும் இருக்கும். 1950களின் பிற்பகுதியில் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட ரயில்நிலையச் சூழல் தொகுப்புகள், என்-ஸ்கேலைவிடப் பெரிய ஓஓ அளவுக்கானவை, பின்னர் அவற்றின் அச்சுகள் டேப்பல் நிறுவனத்திடம் சென்று இன்றும் விற்பனையாகின்றன. பல தலைமுறைகள் அதே வீட்டை ஒட்டியிருக்கின்றன. கண்காட்சிக்கு வரும் பார்வையாளர் அந்த வீட்டைக் கண்டதும் ஊரைப் பார்ப்பதில்லை. தொகுப்பின் பெயரைச் சொல்கிறார். தளம் அமைத்தவர் மாதக்கணக்கில் கட்டிய மாயம் அந்த நொடியில் கலைகிறது.

இதற்கு மருந்து விலையுயர்ந்த தொகுப்பு அல்ல. ஒரே தொகுப்பில் இரண்டை வாங்கி நீளமான ஒரே கட்டடமாக்கலாம். கூரையின் திசையை மாற்றலாம். ஒரு சன்னலை அடைத்துச் சுவராக்கலாம். அட்டை இதற்குப் பிளாஸ்டிக்கைவிட எளிதாக இணங்கும். இந்த வழியின் எல்லையை ஆக்ஸ்ஃபோர்டுஷரின் லாங் விட்டன்ஹாமில் உள்ள பென்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்கிலாண்ட், ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் வைக்கோல் கூரை வீடுகள் கண்முன்னே மாறி அழிவதைக் கண்டு, அவற்றை அளந்து 1:76 அளவில் கட்டத் தொடங்கினார். அருங்காட்சியகம் 1954இல் உருவானது. அங்குள்ள குடிசைகளின் சுவர்களும் அட்டைதான், நீர்வண்ணம் தீட்டிய அட்டை. ஒவ்வொன்றும் உண்மையில் நின்ற ஒரு வீட்டைப் பார்த்துச் செய்தது. அவற்றில் சில இன்று அந்த மாதிரியில் மட்டுமே இருக்கின்றன.

தொகுப்பு வாங்குபவர் அனைவரும் அந்த அளவுக்குச் செல்ல வேண்டியதில்லை. தாம் அமைக்க விரும்பும் ஊரின் பழைய புகைப்படங்கள் நான்கைந்தை முன்னால் வைத்துக்கொண்டு கடைப் பட்டியலைப் பார்த்தாலே போதும். பட்டியலில் பாதி தானாகவே விலகிவிடும்.

இறுதியாக ஒட்டும் முறை பற்றி ஒரு செய்தி. தொகுப்பு எதுவானாலும் அதைத் தட்டையான பலகையின் மேல் வைத்தவுடன் சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய நிழல் விழும். அந்த நிழல் தெரியும் வரை வீடு மிதந்துகொண்டே இருக்கும். தரையைக் கட்டடத்தின் அளவுக்குக் குழித்து இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கி, சுற்றிலும் மண்ணையோ நடைபாதையையோ சுவர் வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அட்டைத் தொகுப்பென்றால் பசையின் ஈரத்தில் சுவர் வளையாமலிருக்க உள்ளே குறுக்குச் சட்டங்களை முதலிலேயே ஒட்டிவிட வேண்டும். உள்ளே விளக்கு வைப்பதானால் பிளாஸ்டிக் சுவர்களின் உட்புறத்தில் கறுப்பு வண்ணம் பூச வேண்டும், இல்லாவிட்டால் சன்னலோடு சுவரும் சேர்ந்து ஒளிரும்.